புழக்கடையில் நிழல் தோட்டம்: கழிவு நீரைக்கொண்டு அடுக்கு முறையில் பயிர் செய்தல்

கிராமத்து வீடுகளுள் பெரும்பாலானவற்றிற்குப் பின்புறத்தே ஐந்து செண்டோ பத்துச் செண்டோ நிலம் வெறுமையாய்க் கிடப்பதுண்டு. அதன் ஒரு மூலையில் குப்பைமேடும், மற்றொரு மூலையில் விறகுக் குவியலும், பாத்திரம் துலக்கும் கல்லினின்று வழிந்த நீர் தேங்கிய சேற்றுக் குட்டையும், ஒருவரும் நடாமலே முளைத்த ஆமணக்கும் எருக்கும் காணப்படும். சித்திரை மாதத்து நடுப்பகலில் அந்நிலத்தில் வெறுங்காலுடன் நடத்தல் இயலாது. அதே மாதத்தில், அதே வேளையில், கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள ஒரு வீட்டுக் கொல்லையினுள் செல்வோர், தென்னை, பலா, வாழை, மரவள்ளி, சேம்பு, மிளகுக்கொடி என ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் செறிந்த பசுமையையும், காலடியில் குளிர்ந்த ஈரமண்ணையும் காண்பர். கேரள நாட்டு வீட்டுத் தோட்டங்களும், இலங்கையில் கண்டிப் பிரதேசத்து வீட்டுத் தோட்டங்களும், ஜாவாத் தீவினர் பெக்காரங்கான் என்று வழங்கும் வீட்டுத் தோட்டங்களும் இவ்வகையினவே. இக்காலத்தே நகரவாசிகள் வெப்பமண்டலத் தோட்டம் என்று பெயரிட்டு, அகன்ற இலைச் செடிகளை விலைகொடுத்து வாங்கித் தொட்டிகளில் வைத்து அழகு பார்ப்பதும் இதன் சாயலையே.

இத்தகைய தோட்டத்தைத் தமிழ்நாட்டுச் சமவெளிக் கிராமங்களில் உண்டாக்கல் கூடுமோ என்பதே இங்கு ஆராயத்தக்கது. தடைகள் இரண்டு உள. குமரி முனைப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் உண்டு. சமவெளியின் பெரும்பகுதிக்கோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையே முதன்மையானது. தை முதல் ஆனி முடிய மண் காய்ந்தே கிடக்கும். இரண்டாவது, ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயின் வழியாகவும் செங்கோட்டைக் கணவாயின் வழியாகவும், அவற்றிற்கு அப்பாலுள்ள வெளிகளிலும் வீசும் வறண்ட மேல்காற்று. இவ்விரண்டையும் கருதாது, பிற தேசத்துச் செடிகளை வாங்கி வந்து நட்டால், அவை முதற் கோடையிலேயே கருகிவிடும். கருகாது காக்க வேண்டின் வீட்டுப் பெண்கள் குடம் குடமாய் நீர் சுமத்தல் வேண்டும். குடம் சுமந்து வளர்க்கும் தோட்டம் இரண்டாவது கோடையைக் காண்பது அரிது. பல வீடுகளில் தோட்டம் கைவிடப்பட்டதற்குச் சோம்பல் காரணமென்று ஆண்மக்கள் கூறுவதுண்டு; நீர் சுமப்பவர் யார் என்று கேட்டால் உண்மை விளங்கும்.

ஆதலின் முதலில் தீர்மானிக்க வேண்டுவது இன்ன செடி என்பதன்று. வீட்டிலிருந்து தானே வெளியேறும் நீர் எவ்வளவு, அந்நீர் எத்தனை வேர்களுக்குப் போதும் என்பதே. அந்த அளவுக்குமேல் தோட்டத்தை விரித்தல் கூடாது. அளவு சிறிதாயினும், நிழலை முதலில் உண்டாக்கி அதன்கீழ் மற்றவற்றை நட்டால், அந்நீரே இருமடங்கு வேலை செய்யும்.

நிழல் இவ்வாறு உதவுவதன் காரணம் எளிது. வெயில் நேரே தாக்கும் வெறுமண்ணில் ஊற்றிய நீரின் பெரும்பங்கு வேரைச் சென்றடையுமுன்னரே ஆவியாய்ப் போய்விடுகிறது. மேலே ஒரு மரத்தின் இலையும், அதன்கீழ் வாழையின் இலையும், தரைமேல் மூன்று அங்குலக் கனத்திற்குச் சருகும் இருப்பின், மண்ணின் சூடு தணிகிறது. காற்றின் வேகம் தரையருகே குறைகிறது. இலைகள் வெளிவிடும் ஈரமும் உடனே அகன்றுவிடாமல் செடிகளிடையே தங்குகிறது. சேம்பு, மஞ்சள், இஞ்சி முதலியவற்றின் இலைகள் அகன்றிருப்பது மரங்களின்கீழ் வரும் மெல்லிய வெளிச்சத்தை ஏற்றுக்கொள்வதற்கே. அவற்றை வெட்டவெளியில் வைத்து மிகுதியாய் நீர் ஊற்றுவதைக் காட்டிலும், பாதி நிழலில் வைத்துக் குறைவாய் ஊற்றுவது நன்று. வெப்ப நாடுகளின் மழைக்காடுகளில் செழுமையின் பெரும்பகுதி மண்ணில் சேர்ந்திருப்பதில்லை. மரங்களிலும் அவை உதிர்க்கும் இலைகளிலுமே உள்ளது. உதிர்ந்த இலை விரைவில் மக்கி மீண்டும் வேருக்கே உணவாகிறது. கொல்லையைத் தினந்தோறும் பெருக்கிச் சருகை எரிப்பவர்கள் தம் தோட்டத்து எருவையே எரிக்கின்றனர்.

நீர்க் கணக்கு

கிராமக் குடும்பங்களுக்குக் குழாய் வழியாக நீர் வழங்கும் பொருட்டு 2019ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுக்கப்பட்டது. ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு இது 275 லிட்டர் ஆகும். இதில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கழிப்பிடத்திற்கும் போக, குளித்தல், பாத்திரம் துலக்கல், அரிசி காய்கறி கழுவுதல், துணி துவைத்தல் ஆகியவற்றால் வெளியேறும் நீரை 150 லிட்டர் என்று மதிப்பிடலாம். கோடையில் ஒரு வாழைக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர் வேண்டும். எனவே அந்த 150 லிட்டர் எட்டு வாழைகளுக்குப் போதுமானது. காய்க்கும் தென்னை ஒன்றிற்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டுமாதலால், ஒரு தென்னையை வைத்தால் வாழைகளில் மூன்றைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு கணக்கிட்டு நடுவோருக்கு வைகாசியில் ஏமாற்றம் நேராது.

வாழையின் கீழும் ஓரத்திலும் இருக்கும் சேம்பு, மஞ்சள் முதலியவற்றிற்குத் தனியே நீர் கணக்கிட வேண்டுவதில்லை. வாழைக்குப் பாய்வதில் அவை பங்கு கொள்ளும்.

துலக்கும் கல்லிற்கும் குளிக்கும் இடத்திற்கும் அடுத்தாற்போல், இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு குழி எடுத்து, அடியில் உடைந்த செங்கல்லும், அதன்மேல் ஜல்லியும், மேலே மணலும் இட்டு நிரப்புதல் வேண்டும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பசையும் இதில் தங்கிவிடும். மேல் மணலை மாதம் ஒருமுறை வாரி வெயிலில் உலர்த்திப் போடாவிடில் நாற்றம் உண்டாகும். இக்குழியினின்று ஐந்தடிக்கு ஓர் அங்குலம் தாழ்வாக ஒரு மண் வாய்க்கால் வெட்டி, அதன் இரு கரையிலும் கல்வாழை வைக்கலாம். கல்வாழை அழுக்கு நீரையும் ஈரத்தையும் தாங்கும். அதன் பூவும் கண்ணுக்கு இனியது. வாய்க்காலின் இருபுறமும் பக்கத்திற்கு நான்காக வாழைகளை நட்டு, ஒருநாள் ஒரு பக்கத்து நான்கிற்கும் மறுநாள் மற்றப் பக்கத்து நான்கிற்கும் மண்வெட்டியால் மடை திருப்பிவிடல் வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில் நீர் பாய்ந்தால் மண் புளித்து வேர் அழுகும். மேலும் கொசு பெருகும். கொசுவின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறப்பதற்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகிறது. எனவே எந்த இடத்திலும் நீர் இரண்டு நாளைக்குமேல் நில்லாதபடி செய்துவிட்டால், யானைக்கால் நோயைப் பரப்பும் சாக்கடைக் கொசு அங்கே பிறவாது. தேங்காய்ச் சிரட்டை, உடைந்த சட்டி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த மழைநீரிலே பிறப்பது டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் வேறொரு கொசுவாதலால், அவற்றைக் கவிழ்த்து வைப்பதும் தோட்ட வேலையில் சேர்ந்ததே.

துணி துவைத்த நீரில் சோப்பும் சோடாவும் கலந்திருக்கும். அதைக் கல்வாழைக்கும் வாழைக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு விடலாகாது. நாளடைவில் மண்ணின்மேல் வெண்மையான உப்புப் படிவு தோன்றினால், அவ்விடத்தில் அந்நீரை நிறுத்தி, ஜிப்சம் இட்டுக் கொத்திவிடல் வேண்டும். கழிப்பிடத்து நீரை எக்காரணம் பற்றியும் இவ்வாய்க்காலில் சேர்க்கலாகாது.

மழைக்காலத்தில் இந்நிலை மாறிவிடும். 500 சதுர அடிக் கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் 1,100 லிட்டருக்கு மேற்பட்ட நீர் வழிகிறது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2003ஆம் வருஷத்தில் கட்டாயமாக்கியது யாவரும் அறிந்ததே. அந்நீரைக் கிணற்றருகிலுள்ள குழிக்கு விடுதல் நலம். வாழையடியில் விட்டால் மிகுதியாகிவிடும். குழியில் இறங்கிய நீர் பங்குனியில் கிணற்றின் வழியே திரும்பி வரக்கூடும்.

நடும் இடமும் நடும் காலமும்

கிழக்கு நோக்கிய வீடு ஒன்றிற்கு மேற்கே, வடக்குத் தெற்காக 40 அடியும் கிழக்கு மேற்காக 50 அடியும் உள்ள கொல்லையை உதாரணமாகக் கொள்ளலாம். இது ஐந்து செண்டிற்குச் சற்றுக் குறைவு. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி வரையில் உயரச் செடியும் சருகும் இன்றிப் பெருக்கி வைத்தல் வேண்டும். பாம்பு வரும் என்னும் அச்சத்தினாலேயே பலர் கொல்லையில் பசுமையை விரும்புவதில்லை, அவ்வச்சம் காரணமற்றதன்று. சருகிலும் விறகிலும் எலியும் தவளையும் சேரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். வாசலருகே வெட்டவெளியாய் வைத்து, கிணற்றுக்கும் கழிப்பிடத்திற்கும் செல்லும் பாதையை மூன்றடி அகலத்தில் மணல் பரப்பித் தெளிவாக வைத்து, இரவில் விளக்குடன் செல்வதே பரிகாரம். சுவரை ஒட்டிச் சருகு கிடந்தால் கரையானும் ஏறும். இப்பத்தடியில் துளசியும் கறிவேப்பிலையும் போதும்.

மேற்கு எல்லையே தோட்டத்தின் கதவு போன்றது. மேல்காற்றும் பிற்பகல் வெயிலும் அவ்வழியே வருதலால், அங்கே முதலில் உயிர்வேலி எழுப்புதல் வேண்டும். ஆடாதொடை, நொச்சி, கிளுவை ஆகியன இதற்கு ஏற்றவை. முதலிரண்டையும் ஆடு விரும்பித் தின்பதில்லை. ஆடாதொடைக்கு அப்பெயர் வந்ததும் அதனால் என்பர். வேலிக்கு உட்புறத்தே மூன்றடிக்கு ஒன்றாக அகத்தி விதையை ஊன்றினால், ஒரு வருஷத்திற்குள் பத்தடிக்கு மேல் வளர்ந்து காற்றின் வேகத்தை உடைக்கும். அகத்தி நெடுநாள் வாழும் மரமன்று. மற்ற மரங்கள் தலையெடுத்த பின்னர் அதை வெட்டிக்கொள்ளலாம். அதுவரையில் அதன் கீரை மனிதருக்கும் மாட்டுக்கும் உணவாகும். தஞ்சைப் பகுதி முதலிய இடங்களில் வெற்றிலைக்கொடியை அகத்தியின்மேல் ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். கொல்லையிலும் இரண்டு மரங்களில் அவ்வாறு ஏற்றிக்கொள்ளலாம்.

தெற்கு எல்லையில் உயர்ந்த மரம் கூடாது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் தெற்கேயுள்ள மரத்தின் நிழல் கொல்லை முழுவதும் விழும். அந்த ஓரத்தில் ஆறடி அகலத்தை வெண்டை, கத்தரி, மிளகாய், கீரை ஆகிய வெயில் விரும்பும் பயிர்களுக்கு விட்டுவிடலாம். முருங்கையும் வெயிலை விரும்புவதே. ஆனால் அது உயரும் மரமாதலால் வடக்கு ஓரத்தில், நீர் தேங்காத மேட்டில் நடவேண்டும். வீட்டு முன்புறம் முருங்கை ஆகாது என்று சொல்லப்படுவதற்குப் பேய் பிசாசைக் காரணம் காட்டுவர். அதன் கிளை எளிதில் முறியும் என்பதும், சிறுவர் ஏறி விழுவர் என்பதும், பருவத்தில் கம்பளிப்புழு அடிமரத்தில் கூட்டமாய்ச் சேரும் என்பதுமே போதிய காரணங்கள்.

நடும் முறையில் அவசரம் கூடாது. குழிகளைச் சித்திரை, வைகாசியிலேயே வெட்டி வெயிலில் ஆறவிட்டு, எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மழை தொடங்கும் பொழுது நடுதல் வேண்டும். முதல் வருஷத்தில் வேலி, அகத்தி, வாழை, பப்பாளி, முருங்கை ஆகியவையே போதும். தென்னம்பிள்ளையை வைப்பதாயின் அதையும் இப்பொழுதே வாழைகளிடையே வைக்கலாம். இளந்தென்னைக்கு முதல் இரண்டு கோடைகளில் நிழல் அவசியம். பலர் தனியே ஓலை நட்டு மறைப்பதை வாழையே செய்துவிடும். இரண்டாவது வருஷத்தில், வாழை நிழல் பரவிய பின், வைகாசி, ஆனியில் மஞ்சளும் இஞ்சியும், அவற்றை அடுத்துச் சேம்பும் கருணையும் ஊன்றலாம். வைகாசியில் ஊன்றிய மஞ்சள் தைப் பொங்கலுக்குக் கொத்தோடு கிடைக்கும்; கிழங்கை மாசியில் தோண்டிக்கொள்ளலாம். மூன்றாவது வருஷத்தில் எலுமிச்சை, நாரத்தை, கொய்யா ஆகியவற்றுள் ஒன்றிரண்டு. வேலியில் கோவை, கொடிப்பசலை, பிரண்டை. மிளகு சமவெளியில் நன்கு வாழ்வது அரிது. ஈரமும் நிழலும் நன்றாய் அமைந்த பின் ஒரு கொடியை வைத்துப் பார்க்கலாமேயன்றி, அதை நம்பி இருத்தல் கூடாது. முதல் வருஷத்திலேயே எல்லாவற்றையும் ஒருங்கே நட்டவர்களுடைய தோட்டத்தில், நிழல் விரும்பும் செடிகள் நிழல் வருமுன்னரே மடிந்துபோவதைக் காணலாம்.

வாழையும் பப்பாளியும்

இத்தோட்டத்திற்கு வாழையே தாய் போன்றது. பத்து முதல் பதினான்கு மாதங்களுக்குள் குலை தள்ளி, வெட்டிய பின் தண்டும் மட்டையும் இலையும் மண்ணிற்கே மூடாக்காகின்றன. கழிவு நீரும் எளிய மண்ணும் உள்ள இடங்களில் மொந்தனும் கற்பூரவள்ளியும் ஓரளவு வறட்சியையும் தாங்கும். கற்பூரவள்ளிக்குக் காலம் சற்று மிகுதி. பூவன் பலவிடத்தும் நன்றாய் வரும். ரஸ்தாளி சுவை மிக்கதாயினும், பனாமா வாடல் நோய்க்கு எளிதில் ஆளாகிறது; அந்நோயின் பூஞ்சணம் மண்ணில் பல வருஷம் தங்கும். ஒரு தூரில் குலை தள்ளும் மரம் ஒன்று, அடுத்தது ஒன்று, சிறுகன்று ஒன்று என்ற அளவில் நிறுத்தி, மற்றக் கன்றுகளை அவ்வப்போது அகற்றாவிடில், எல்லாம் இலையாகிக் குலை சிறுத்துப் போகும்.

பப்பாளியையும் வாழையையும் போல வாய்க்கால் ஓரத்தில் நடுதல் சாதாரணமாய் நேரும் தவறு. பப்பாளியின் வேர் ஒருநாள் இரண்டுநாள் நீர் தேங்கினாலும் அழுகிச் செடி சாய்ந்துவிடும். ஒன்றரை அடி உயர மேட்டில், வாய்க்காலினின்று ஐந்தாறு அடி விலகி நட வேண்டும். ஆண், பெண் வேறாயுள்ள வகையாயின் ஒரு குழியில் மூன்று நான்கு நாற்றுகளை நட்டு, பூத்த பின் பெண் ஒன்றை நிறுத்தி, ஆணில் தோட்டத்திற்கு ஒன்று மட்டும் விடலாம். பத்து மாதத்திற்குள் காய் பறிக்கலாமாதலால், குடும்பத்திற்கு முதலில் பலன் காட்டுவது பெரும்பாலும் இதுவே.

2008ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் புதிய பூச்சி காணப்பட்டு, விரைவில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி முதலிய பல பயிர்களிலும் பரவியது. மருந்துகளை மேன்மேலும் தெளித்தும் அது அடங்கவில்லை. 2010ஆம் வருஷத்தில் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகை நுண்ணிய குளவிகள் வருவிக்கப்பட்டு விடப்பட்டன. அவை மாவுப்பூச்சியின் உடலிலே முட்டையிட்டு அதை அழிக்கின்றன. சில மாதங்களில் பூச்சியின் கொடுமை வெகுவாய்த் தணிந்தது. இதனால் அறிய வேண்டுவது, வீட்டுத் தோட்டத்தில் வெண்மையான பூச்சியைக் கண்டவுடன் கடைமருந்தைத் தெளித்தால் இக்குளவிகளும் மடியும் என்பது. முதலில் நீரை வேகமாய்ப் பீச்சி அடித்துக் கழுவி, மிகப் பற்றிய இலையைக் கிள்ளி அகற்றி, வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிற்பதே விவேகம்.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பழுத்த பப்பாளி ஆகிய மூன்றிலும் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் மஞ்சட்பொருள் மிகுதியாய் உண்டு. குழந்தைகளுக்கு வரும் மாலைக்கண்ணும், அது முற்றிய இடத்துக் கண்ணிழப்பும் இச்சத்தின் குறைவால் நேர்வன. இதனைத் தடுக்க இந்திய அரசாங்கம் 1970ஆம் வருஷம் முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கத் தொடங்கியது. அம்மருந்தை உரிய காலத்தில் தவறாது கொடுத்தல் வேண்டும். தோட்டம் அதற்கு மாற்றாகாது. எனினும் கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைத்து வாரத்தில் சில நாளேனும் கொடுத்துவரும் வீட்டில் இக்குறை நேர்வது குறைவு. எண்ணெய் சேராவிடில் அச்சத்து உடலில் நன்கு சேர்வதில்லை. கீரையை விலைக்கு வாங்கும் வீட்டில் பணமுடை வந்தால் முதலில் குறைக்கப்படுவது கீரையே. கொல்லையில் நிற்கும் மரத்துக்கு அவ்விதி இல்லை.

அழகுச் செடிகளைப் பற்றிச் சில வார்த்தை. காகிதப்பூவும், ஈழத்தலரியும், கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை; வண்ண இலைக் குரோட்டன் மலேயாத் தீவுகளைச் சார்ந்தது. பப்பாளியும் மிளகாயும் மரவள்ளியுங்கூட அமெரிக்காவினின்று வந்து நம் நாட்டுப் பயிராய்விட்டமையால், அன்னியச் செடி என்று ஒன்றைத் தள்ள வேண்டுவதில்லை. தண்டு நட்டால் தழைக்கும் குரோட்டனும் செம்பருத்தியும் ஈழத்தலரியும் ஒரு வீட்டினின்று மறுவீட்டிற்குக் காசின்றிச் செல்லக்கூடியவை. ஆனால் டீஃபன்பேக்கியா, கலாடியம் போன்ற பட்டை இலைச் செடிகளின் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய சுண்ணப்படிகங்கள் உள. குழந்தை கடித்தால் வாயும் நாவும் வீங்கிப் பேச முடியாமற் போகும். சேம்பும் கருணையும் பச்சையாய் அரிப்பதும் இதனாலேயே. அரளியோ இதயத்தையே தாக்கும் நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றுள் அரளியையும் பட்டை இலைச் செடிகளையும் அறவே விலக்கல் நன்று.

தென்னையைப் பற்றிய எச்சரிக்கை

தென்னையின்றித் தோட்டம் நிறைவு பெறாது என்று எண்ணுவோர் பலர். ஐந்து செண்டில் ஒன்றிற்குமேல் வேண்டா. அதையும் வீட்டிலிருந்து இயன்ற அளவு தள்ளி, பாதையின்மேலும் அயலார் கூரையின்மேலும் மட்டை விழாதபடி நடவேண்டும். எல்லையோரத்துத் தென்னையால் அண்டை வீட்டாரிடையே வந்த வழக்குகள் கிராமந்தோறும் உண்டு. 2018ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16ஆம் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில், தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம், திருவாரூர் ஜில்லாக்களில் தென்னைகள் ஏராளமாய் வீழ்ந்தன. தென்னையையே நம்பியிருந்த குடும்பங்கள் அடுத்த காய்ப்புக்குப் பல வருஷம் காத்திருக்க நேர்ந்தது. கடலோரக் கிராமங்களில் வீட்டருகே நெட்டை வகையைத் தவிர்த்துக் குட்டை வகையைத் தேர்வதும், தென்னையின் இடத்தில் கொய்யாவோ நாரத்தையோ வைப்பதும் தவறாகாது. புயலில் வாழை சாய்வது திண்ணம். ஆயினும் அது கிழங்கிலிருந்து மீண்டும் வளர்ந்து ஒரு வருஷத்திற்குள் பலன் தரும்.

தென்னை உள்ள கொல்லையில் எருக்குழி இருப்பின் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். காண்டாமிருக வண்டு தென்னங்குருத்தைத் துளைத்து உண்ணும். அதன் புழு வளர்வதோ மக்கிய சாணக் குழியில். எருக்குழியில்லாமல் தோட்டம் இல்லை. அதைக் கிளறாமல் விட்டால் தென்னை இல்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எருவைப் புரட்டி, வெண்மையாய் வளைந்து கிடக்கும் பருத்த புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

கன்று வாங்குதல்

சங்கத்து அங்கத்தினர்கள் கூடிச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கூடிச் செய்வதால் பெருங்கேடு விளையக்கூடியதும் அதுவே. வாழைக்கன்றை ஒருவருக்கொருவர் இனாமாய்க் கொடுத்துக்கொள்வது கிராம வழக்கம். முடிக்கொத்து நோய் என்னும் கொடிய நோய் இவ்வாறு கொடுக்கும் கன்றோடேயே ஊர் முழுவதும் பரவுகிறது. 1940ஆம் வருஷ வாக்கில் திருவிதாங்கூரில் காணப்பட்ட இந்நோய், இலங்கையிலிருந்து வந்த கன்றுகளோடு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர்ப் பழனிக் கீழ்மலைத் தொடரில் புகழ்பெற்ற மலைவாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது இதுவே. நோய் கண்ட வாழையில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒன்றாய்க் கொத்துப்போல் நெருங்கி நிற்கும். இலை நரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். அது குலை தள்ளாது. தள்ளினாலும் பயன் இராது. இதற்கு மருந்து இல்லை. நோயைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது மட்டையிடுக்கில் வாழும் கருநிற அசுவினிப் பூச்சி.

கன்று பார்வைக்கு நன்றாயிருப்பினும், தாய்மரத்தில் நோய் இருந்தால் கன்றிலும் இருக்கும். அதற்கு அடையாளம் சில மாதம் கழித்தே தெரியும். எனவே கன்றைப் பார்த்து வாங்குதல் போதாது, தாய்த்தூரைப் பார்த்தே வாங்குதல் வேண்டும். சங்கத்தின் சார்பில் வாழையறிந்த இருவர், குலை தள்ளியிருக்கும் காலத்தில் நோயற்ற தூர்களை ஊரில் பார்த்துக் குறித்துவைத்து, அவற்றினின்று மட்டுமே கன்றெடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். அல்லது சோதிக்கப்பட்ட திசுவளர்ப்புக் கன்றுகளை மொத்தமாய் வருவிக்கலாம். தனித்தனியே எட்டுக் கன்று வாங்கப் போவோருக்கு விலையும் வண்டிக்கூலியும் மிகும். தூரிலிருந்து எடுக்கும் கன்று, இரண்டு மூன்று மாத வயதும், கூர்மையான ஈட்டி இலையும் உடையதாய் இருத்தல் நலம். வேர்களைச் சீவி, கிழங்கைச் சுற்றிலும் செதுக்கிப் பார்த்து, கூன்வண்டின் துளையோ கருமையோ காணப்படுவதை ஒதுக்கிவிடல் வேண்டும்.

ஒரு கொல்லையில் முடிக்கொத்துத் தோன்றினால், உடையவர் மறைக்காது அறிவிக்கும் ஏற்பாடு இருத்தல் அவசியம். மரத்தை அப்படியே பிடுங்கி எறிந்தால் அசுவினி அடுத்த வாழைக்குத் தாவிவிடும். ஆகவே முதலில் பூச்சிமருந்தை அந்தத் தூருக்கு மட்டும் தெளித்து அசுவினியை ஒழித்து, அதன் பின்னரே கிழங்கோடு தோண்டித் துண்டுகளாக்கிப் புதைக்கவோ உலர்த்தி எரிக்கவோ வேண்டும். கிழங்கின் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து எழும் கன்று நோயுற்றதாகவே எழும். அவ்வாறு வாழையை இழந்தவருக்கு அடுத்த பருவத்தில் நல்ல கன்றைச் சங்கமே முதலில் கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டால், மறைக்க விரும்புவோர் மிகச் சிலரே இருப்பர்.